இரவல் சொற்கள்

1

என் தகப்பனார் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசிப் பத்தொன்பது நாட்களில் ஏழு இரவுகள் அவர் கட்டிலருகே உட்கார்ந்து தேவாரம் படித்தேன். படிக்கச் சொன்னது அவர். படித்த நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். அது அவருக்கும் தெரியும். பதினைந்து வருஷங்களாக எங்களிடையே பேசித் தீர்க்கப்படாமல், பேசாமலேயே விட்டுவிடப்பட்ட விஷயம் அது. அவர் ஓய்வு பெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியர். பண்ருட்டிப் பக்கத்துக்காரர், கெடிலக் கரைத் திருவதிகை அவருக்கு க்ஷேத்திரம் என்பதைவிடப் பக்கத்து ஊர் என்பதே சரி. வந்தது வயிற்று நோய். அவர் கேட்டதும் அந்த ஊர்ப் பதிகத்தைத்தான் – சூலை நோயில் துடித்த அப்பர் முதன்முதலாகப் பாடியதாகச் சொல்லப்படும் பதிகம்.

சொந்தத் துக்கத்தை விளம்புவதற்காக இதைச் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் இதைக் கேட்ட நண்பர் ஒருவர் – கவிதை எழுதுகிறவர், தன் வரிகளில் ஒரு சொல் பொய்யாக விழுந்தாலும் கவிதையையே கிழித்துப் போடுகிறவர் – என்னிடம் நேரடியாகவே கேட்டார்: "நீ நம்பாததை நம்புகிறவன் குரலில் படித்தாய். அது பொய் இல்லையா? மோசமான ஒரு கவிதையை நல்ல கவிதை என்று யாருக்காகவாவது சொல்வாயா?" நான் பதில் சொல்லவில்லை. தெரியாததால் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை அவருக்கு நான் பாக்கி வைத்திருக்கும் பதில்.

கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, படிக்கிறவனின் நேர்மை பற்றியது: தன்னுடையதல்லாத சொல்லைத் தன் வாயால் சொல்கிறவன் பொய்யனா? மற்றது, கேட்கிறவருக்குக் கிடைக்கும் ஆறுதல் பற்றியது: வேதப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கஷ்ட காலத்தைக் கடக்கிறவன் உண்மையைப் பார்க்கிறானா, உண்மைக்கு முதுகைக் காட்டுகிறானா? முதல் கேள்வி நமக்குப் பழக்கமானது. இரண்டாவதை நாம் பெரும்பாலும் விசாரணையின்றி, ஒரு புன்சிரிப்போடு ஒதுக்கியிருக்கிறோம்.

2

சி. சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' தொடங்கியதிலிருந்து புதுக்கவிதைக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவந்த வாதம் ஒன்றுதான். உன் அனுபவம், உன் சொல். மரபு தயாராக வைத்திருக்கும் சொற்சேர்க்கையை எடுத்துப் போட்டுக்கொள்கிறவன் அனுபவத்தையும் தயாராகவே வாங்கிவிடுகிறான். இந்த வாதத்தால் நமக்குக் கிடைத்த லாபம் கொஞ்சமல்ல. ஆனால் எழுதுவதற்கான ஒரு விதியை வாழ்க்கை முழுவதற்குமான விதியாக நீட்டிவிட்டோமோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

நிஜமான வலியில் மனிதனுக்கு 'தன் சொல்' என்று எதுவும் இருப்பதில்லை. அந்த வார்டில் நான் கேட்டவையெல்லாம் முனகல், அம்மா என்ற கூப்பாடு, நர்ஸை அழைக்கும் குரல் – இவைதாம். வலி முதலில் பிடுங்கிக்கொள்வது மொழியைத்தான். பிரத்யேகமான சொல்லைத் தேடி உட்காரும் அவகாசம், வலி விட்டபின் நாற்காலியில் சாய்ந்திருப்பவனுக்கு உண்டு. கட்டிலில் கிடப்பவனுக்கு இல்லை. அவனுக்கு ஒன்று முனகல், அல்லது இரவல் சொல்.

இதற்கு நாம் காட்டக்கூடிய மிகப் பெரிய சாட்சி சிலுவையில் இருக்கிறது. மாற்கும் மத்தேயுவும் எழுதிய சுவிசேஷங்களின்படி, கைவிடப்பட்டதைப் பற்றி இயேசு எழுப்பிய அந்தக் கூக்குரல் அவருடைய சொந்த வாக்கியம் அல்ல. 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி அது. லூக்கா அதை விட்டுவிட்டு வேறொரு கடைசி வாக்கியத்தைத் தருகிறார். அதுவும் சங்கீதத்திலிருந்து எடுத்ததே, 31ஆவது. உலகத்திலேயே மிக அந்தரங்கமான மரண வேதனை என்று கோடிக்கணக்கானவர்கள் கருதும் அந்த நிமிஷத்தில் வெளிவந்தது ஒரு மேற்கோள். சின்ன வயசில் மனப்பாடமாகியிருந்த வரி. அது மேற்கோள் என்பதால் அந்தக் கூக்குரல் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. பக்கத்தில் நின்றவர்களில் சிலர் அதைத் தவறாகக் கேட்டு, எலியாவைக் கூப்பிடுகிறான் என்றார்களாம். இரவல் சொல்லுக்கு இந்த அபாயம் எப்போதும் உண்டு. வெளியே நிற்கிறவனுக்கு அது வேறு எதுவாகவோ காதில் விழும்.

இன்னொரு சாட்சி, நம்மைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் கிட்டத்தில் நிற்கிறவர். ஸிமோன் வெய்ல் மத அனுஷ்டானம் இல்லாத யூதக் குடும்பத்தில் 1909இல் பிறந்தவர், தத்துவ ஆசிரியை, தொழிற்சாலையில் கூலி வேலை பார்த்தவர், கிறிஸ்துவை நெருங்கிய பின்னும் திருச்சபையின் வாசலிலேயே நின்றுகொண்டவர். தீராத தலைவலி அவருக்கு. 1938 ஈஸ்டர் சமயம் ஸொலேம் மடத்தில் பத்து நாள் தங்கியிருந்தபோது, அங்கு வந்திருந்த ஓர் ஆங்கில இளைஞன் மூலமாகப் பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர்களைத் தெரிந்துகொண்டார். அவர்களில் ஜார்ஜ் ஹெர்பர்ட்டின் 'லவ்' என்ற கவிதையை நெட்டுருப் பண்ணிக்கொண்டு, தலைவலி உச்சத்துக்குப் போகும்போதெல்லாம் முழுக் கவனத்தையும் அதில் வைத்துச் சொல்லிவந்தார். அழகான ஒரு கவிதையை ஒப்பிப்பதாகத்தான் நினைத்ததாகவும், தனக்குத் தெரியாமலேயே அது பிரார்த்தனையாக இருந்ததாகவும் பின்னால் 1942இல் பெரன் பாதிரியாருக்கு எழுதினார். 1941 இலையுதிர் காலத்தில் திராட்சைத் தோட்டத்தில் அறுவடைக் கூலியாக இருந்தபோது கர்த்தருடைய ஜெபத்தைக் கிரேக்க மூலத்திலேயே தினமும் சொல்லும் பழக்கம் வந்தது. நடுவில் கவனம் ஒரு நூலிழை சிதறினாலும் மறுபடி முதலிலிருந்து.

இங்கே கவனிக்கவேண்டியது, சொல் யாருடையது என்ற கேள்வியே எழவில்லை என்பது. கேள்வி கவனத்தைப் பற்றியது. இரவல் சொல்லைக் கவனமின்றிச் சொன்னால் அது பொய். சொந்தச் சொல்லைக் கவனமின்றிச் சொன்னாலும் பொய்தான். நம் பத்திரிகைகளில் வரும் கவிதைகளில் பாதி இரண்டாவது ரகப் பொய் என்பதை என் நண்பரும் ஒப்புக்கொள்வார்.

3

ஆனால் நேர்மை விவகாரம் தீர்ந்துவிட்டால் ஆறுதல் விவகாரம் தீர்ந்துவிடாது. வெய்லையே சாட்சிக்கு அழைத்ததில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஆறுதலின் மீது அவரளவு கடுமை காட்டியவர்கள் குறைவு. வெறுமையை நிரப்புகிற, கசப்பைத் தித்திப்பாக்குகிற நம்பிக்கைகளைத் தள்ளிவிட வேண்டும் என்பது அவர் கட்சி. மதம் ஆறுதல் தருவதாக இருக்கும் வரையில் அது உண்மையான விசுவாசத்துக்குத் தடை. அந்த அர்த்தத்தில் நாஸ்திகம் ஒரு சுத்திகரிப்பு என்று குறித்துவைத்தவர். மார்க்ஸ் 1844இல் மதத்தை அபினுக்கு ஒப்பிட்டது எல்லோருக்கும் தெரியும். அதே இடத்தில் அதை ஒடுக்கப்பட்ட ஜீவனின் பெருமூச்சு என்றும் அவர் சொன்னதை மேடைகளில் சௌகரியமாக மறந்துவிடுவார்கள். இருவரில் வெய்ல்தான் கடுமையானவர் என்று எனக்குத் தோன்றுகிறது. மார்க்ஸ் வெளியிலிருந்து சொன்னதை அவர் ஜெபம் பண்ணிக்கொண்டே சொன்னார்.

ஆறுதலையே நோக்கமாக வைத்து வேதத்தை அணுகினால் என்ன ஆகும் என்பதற்கு நம்மைச் சுற்றிலும் உதாரணங்கள் இருக்கின்றன. வருஷப் பிறப்பு நள்ளிரவு ஆராதனையில் எடுத்துக்கொள்ளும் வாக்குத்தத்த அட்டையில் சபிக்கிற வசனம் வராது. புலம்புகிற வசனமும் வராது. அட்டைக்குத் தோதானவை மட்டும் பொறுக்கி எடுக்கப்பட்டிருக்கும். சைவ வீடுகளிலும் இதே கதைதான். நோய் தீர ஒரு பதிகம், கடன் தீர ஒன்று, பிள்ளை பிறக்க ஒன்று, கிரக தோஷத்துக்கு ஒன்று என்று பலன் போட்டுத் தனித்தனிச் சிறு புத்தகங்கள். மருந்துக் கடை அலமாரிக்கும் இதற்கும் வித்தியாசம் குறைவு. இதன் வித்து மூலத்திலேயே இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சம்பந்தர் பதிகங்களின் பதினோராம் பாட்டு, படிப்பவருக்குக் கிடைக்கும் பலனைச் சொல்லித்தான் பொதுவாக முடிகிறது.

கத்தோலிக்கத் திருச்சபையும் தன் நித்தியப் பிரார்த்தனைப் புத்தகத்தை 1971இல் புதுப்பித்து வெளியிட்டபோது 58, 83, 109 ஆகிய மூன்று சங்கீதங்களை முழுசாக விட்டுவிட்டது. வேறு சிலவற்றில் சாபமான வரிகளை நீக்கியது. பாபிலோன் ஆற்றங்கரையில் அழும் 137ஆம் சங்கீதத்தின் பயங்கரமான முடிவும் அப்படிப் போனதுதான். பிரார்த்தனை செய்கிறவனின் மனம் கலங்கக் கூடாது என்ற நல்லெண்ணம். ஆனால் ஊரை இழந்து, பிள்ளைகளைப் பறிகொடுத்து அகதியாக நிற்பவன் தன் வெறியை வைக்க ஓர் இடம் தேடினால், ஆயிரக்கணக்கான வருஷங்களாக இருந்த இடம் காலி. அவனுடைய வெறி தீர்ந்துவிட்டதா? தீரவில்லை; பிரார்த்தனைக்கு வெளியே போய்விட்டது, அவ்வளவே.

ஆக, ஆறுதலுக்காகச் செப்பனிடப்பட்ட வேதம் ஆறுதல் தருவதில்லை என்பது ஒரு விசித்திரம். அது தருவது மறதி. வாக்குத்தத்தம் பலிக்காத அன்று அந்த மறதியும் கலைந்துவிடும். அன்று அவனுக்கு நோயோடு கூட இன்னொரு பாரமும் சேரும் – தன் விசுவாசம் போதவில்லையோ என்கிற குற்ற உணர்வு.

4

அந்த ஏழு இரவுகளில் நான் படித்ததும் இந்த அலமாரிச் சரக்குதானா? திருவதிகைப் பதிகம் 'நோய் தீர' என்ற தலைப்பில் தனியாகவே விற்கிறது. என் தகப்பனாரும் அந்த எண்ணத்தில்தான் கேட்டாரோ என்று முதல் இரவு எனக்கு ஒரு கசப்பு இருந்தது. மூன்றாம் இரவு படிக்கும்போதுதான், கல்லூரி நாட்களில் இலக்கியமாகப் படித்தபோது கண்ணில் படாத ஒரு விஷயம் பட்டது. அந்தப் பதிகத்தில் நோய் தீரவில்லை.

பத்துப் பாட்டிலும் தீரவில்லை. குடலில் வலி இருக்கிறது, அதைப் போக்கு என்ற முறையீடு இருக்கிறது. நான் செய்தது என்ன என்ற கேள்வி இருக்கிறது. காப்பவர்களின் காவலை இகழ்ந்ததால் இப்படி ஆழத்தில் விழுந்தேனே என்ற குறை இருக்கிறது. பத்தாம் பாட்டிலும் அவர் வியர்த்துப் புரண்டுகொண்டுதான் இருக்கிறார். வலி நின்றுவிட்டதாகச் சொல்வது சேக்கிழார். ஏறக்குறைய ஐநூறு வருஷங்களுக்குப் பிறகு, பன்னிரண்டாம் நூற்றாண்டில். அப்பர் சொன்னது வலியை. பெரிய புராணம் சொன்னது குணத்தை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் நாம் அலமாரியில் வைத்திருக்கிறோம்.

அப்பர் பதிகங்களின் கடைசிப் பாட்டில் பெரும்பாலும் ராவணன் வருவான். இந்தப் பதிகத்திலும் வருகிறான். மலைக்கடியில் நசுங்கியவன், நசுங்கிய நிலையில் பாடியவன். சம்பிரதாயமான முத்திரை என்று இதைத் தாண்டிப் போய்விடுவது ஆராய்ச்சிக்காரர்களின் வழக்கம். பதிகத்துக்குப் பதிகம் முடிவில் ஒருவர் நசுங்கியவனைக் கொண்டுவந்து நிறுத்துகிறார் என்றால் அது வெறும் முத்திரைதானா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. பாரம் மேலே இருக்கும்போதே பாட்டு வந்துவிட்டது என்பதுதான் அந்தக் கதையில் முக்கியம்.

சங்கீதப் புத்தகத்திலும் இதையே பார்க்கலாம். எபிரேயத்தில் அதன் பெயருக்குத் 'துதிகள்' என்று அர்த்தம். ஆனால் நூற்றைம்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். பெரும்பாலான புலம்பல்கள் நடுவிலோ முடிவிலோ திரும்பி நம்பிக்கையில் கரையேறிவிடும். 88ஆவது திரும்பவே இல்லை. இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடிகிறது. தொகுத்தவர்கள் அதற்கு ஒரு நல்ல முடிவை ஒட்டவைத்திருக்கலாம், ஒட்டவில்லை. பிரார்த்தனைப் புத்தகத்துக்குள் பதில் கிடைக்காத ஒரு பிரார்த்தனையை அப்படியே விட்டுவைத்தவர்களின் துணிச்சலை, கவிதைத் தொகுப்புப் போடுகிறவர்கள் யோசித்துப் பார்க்கலாம்.

சரி, நோயைத் தீர்க்காத, தீர்ப்பதாகச் சொல்லவும் செய்யாத இந்த வரிகளால் கட்டிலில் கிடந்தவருக்குக் கிடைத்தது என்ன? ஏதோ கிடைத்தது என்பது எனக்குக் கண்ணால் தெரிந்தது. வலி குறைந்ததாக அவர் சொல்லவில்லை. ஊசி போட்டால் குறையும், நான்கு மணி நேரத்தில் திரும்ப வரும். அதில் பதிகத்துக்குப் பங்கில்லை.

நம் பாஷையே இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். புண் ஆறுகிறது, சோறு ஆறுகிறது, கோபம் ஆறுகிறது. ஆறுதல் என்பது ஒருவர் கொண்டுவந்து கொடுக்கும் பொருள் அல்ல. உள்ளே, காலத்தில், தானாக நடப்பது. பிறர் செய்யக்கூடியது ஆற்றுவது – காபியை ஆற்றுவதுபோல, இந்தப் பாத்திரத்திலிருந்து அந்தப் பாத்திரத்துக்கு மாற்றி மாற்றி, அதே காபியை. அகத்திணையில் ஆற்றுதல் என்றால் பொறுத்திருத்தல். தலைவன் வரும் வரையில் தலைவி ஆற்றியிருக்கிறாள், அல்லது ஆற்றாமையில் வாடுகிறாள். அவன் வந்துவிட்டான் என்று தோழி பொய் சொல்லி ஆற்றுவதில்லை. 'கம்ஃபர்ட்' என்ற ஆங்கிலச் சொல்லின் லத்தீன் மூலத்திலும் பலம் என்ற பொருளே இருக்கிறது. மெத்தை நாற்காலியெல்லாம் பிறகு வந்து உட்கார்ந்துகொண்டவை.

இரவல் சொல் செய்வதும் ஆற்றுவதைத்தான். வலி அதே வலி. ஆனால் முனகலாக ஓர் உடம்புக்குள் அடைபட்டிருந்தது பாட்டாக வேறொரு பாத்திரத்துக்கு ஊற்றப்படுகிறது. அதற்கு ஓர் அளவு வருகிறது. நான்கு அடி, பிறகு மூச்சு, பிறகு நான்கு அடி. முடிவில்லாமல் நீளும் இரவுக்கு நடுவில் ஒரு பாட்டு நீளத்துக்கு ஆரம்பமும் முடிவும் கிடைக்கிறது. அது மட்டுமல்ல, ஆயிரத்து முந்நூறு வருஷங்களுக்கு முன்னால் இதே வயிற்றில் இதே இடத்தில் வலித்த ஒருவன் அதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான் என்ற செய்தி. என் வலி விசேஷமானது அல்ல என்று தெரிவதில் ஒரு விடுதலை இருக்கிறது. நவீன கவிஞனுக்கு இது அவமானமாகப் படலாம். நோயாளிக்கு அப்படிப் படாது.

5

இங்கே நிறுத்திவிட்டால், வேதம் வாசிப்பது நல்ல வைத்தியம் என்று முடித்ததாக ஆகிவிடும். எனக்கு அது சம்மதமில்லை. எனக்கு ஒப்பும்படியாக இந்தப் பிரச்னையை வாழ்ந்து பார்த்தவர் டீட்ரிஷ் போன்ஹோஃபர். ஜெர்மன் லுத்தரன் பாதிரியார். ஹிட்லருக்கு எதிரான சதியில் இருந்தவர். 1943 ஏப்ரல் 5ஆம் தேதி கைதானார். பெர்லினில் டேகல் சிறையில் ஒன்றரை வருஷம் இருந்து, 1945 ஏப்ரல் 9ஆம் தேதி ஃபுளோஸன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். வயது 39.

சங்கீதம் அவருக்கு அன்றாட உணவு. 1940இல் சங்கீதங்களைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினார். மறு வருஷம் அரசாங்கம் அவர் எதையும் வெளியிடக் கூடாதென்று தடைபோட்டது. குழந்தை தகப்பன் பேச்சைக் கேட்டுத்தான் பேசக் கற்கிறது, அதேபோல இரவல் சொல்லில்தான் பிரார்த்தனை கற்கப்படுகிறது, இதயத்தில் ஊறுவதையெல்லாம் கொட்டுவது பிரார்த்தனை ஆகாது என்பது அவர் வாதம். சிறைக்குப் போன முதல் மாதங்களிலேயே, வருஷக்கணக்காகச் செய்துவந்ததுபோல் இங்கும் தினமும் சங்கீதம் படிப்பதாக வீட்டுக்கு எழுதினார். 1943 கிறிஸ்துமஸுக்கு உடன் கைதிகளுக்கென்று பிரார்த்தனைகள் எழுதிக் கொடுத்தார்.

அந்த மனிதர் 1944 ஜனவரி கடைசியில் தன் சிநேகிதர் எபெர்ஹார்ட் பெத்கேக்கு எழுதிய கடிதத்தில் ஒரு சம்பவம் வருகிறது. விமானத் தாக்குதல் நடந்துகொண்டிருக்கிறது. எல்லோரும் தரையில் படுத்திருக்கிறார்கள். சாதாரணமாக விளையாட்டுத்தனமாகத் திரிகிற ஒரு ஆள், பயத்தில் கடவுளே கடவுளே என்று அரற்றுகிறான். போன்ஹோஃபருக்கு அவனிடம் கிறிஸ்தவ ஆறுதல் எதையும் சொல்ல மனம் வரவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், இன்னும் பத்து நிமிஷத்துக்கு மேல் இருக்காது என்றார்.

இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். சங்கீதம் முழுவதும் விரல் நுனியில் வைத்திருந்தவர், ஒரு வரியை எடுத்து நீட்டவில்லை. பயந்து போயிருக்கிறவனிடம் மதத்தைச் செலுத்துவது சந்தர்ப்பத்தைச் சுரண்டுவது என்று அவருக்குப் பட்டது. அதே வருஷத்துக் கடிதங்களில், மனித அறிவின் ஓட்டைகளை அடைக்கும் தக்கையாகக் கடவுளை வைப்பதை அவர் கண்டித்ததற்கும் இதற்கும் உறவு உண்டு. பத்து நிமிஷம் என்பது சின்ன விஷயம், ஆனால் உண்மை. அந்த நேரத்தில் அந்த ஆளுக்கு உபயோகமான உண்மை.

எங்கள் வார்டில் எதிர்மாறாக ஒரு காட்சி நடந்தது. இரண்டு கட்டில் தள்ளி ஒரு பெரியவர். பார்க்க வந்த ஒருவர், பெரியவருக்குச் சொந்தமும் இல்லை, அவர் கையைப் பிடித்துக்கொண்டு வேத வசனங்களை உரக்கச் சொல்லி, நம்புகிறேன் என்று சொல்லுங்கள் ஐயா, சொல்லுங்கள் என்று வற்புறுத்திக்கொண்டே இருந்தார். பெரியவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். வசனங்களில் ஒரு குறையும் இல்லை. கேட்காதவன் வாயில் திணித்ததால் அவை கல்லாகிவிட்டன. அவர் எந்த மதத்துக்காரர் என்பது இங்கே முக்கியமில்லை. விபூதிப் பையோடு வருகிறவர்களும் இதையே செய்து பார்த்திருக்கிறேன்.

போன்ஹோஃபரின் பைபிளில் ஓர் அடையாளம் இருக்கிறது. தேசத்திலுள்ள தேவ ஆலயங்களைச் சத்துருக்கள் சுட்டெரித்ததைச் சொல்லும் 74ஆம் சங்கீதத்தின் எட்டாம் வசனத்தின் பக்கத்தில் அவர் ஒரு தேதியை எழுதிவைத்தார்: 9.11.38. அன்று இரவுதான் ஜெர்மனி முழுக்க யூதர்களின் ஜெப ஆலயங்கள் கொளுத்தப்பட்டன. அவர் யூதர் அல்ல. எரிந்தது அவருடைய கோயில் அல்ல. தினப்படி பாராயணத்தில் வந்துபோகிற ஒரு பழைய வசனத்தில், அன்றைய தினம் பக்கத்து வீட்டுக்காரனின் நெருப்பு அவருக்குத் தெரிந்தது.

ஆறுதலுக்கும் மறதிக்கும் உள்ள வித்தியாசத்தை எனக்குக் காட்டியது இந்தத் தேதிதான். வாக்குத்தத்த அட்டையைக் கையில் வைத்திருப்பவன் அதில் தன்னை மட்டுமே தேடுகிறான். தனக்கு என்ன வரும் என்று. இரவல் சொல்லை உண்மையாகவே இரவலாக வைத்திருப்பவனுக்கு – அதாவது இது முதலில் வேறொருவனுடைய வலி, எனக்குக் கொஞ்ச நாள் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைப்பவனுக்கு – தன் வலி ஆறிக்கொண்டிருக்கும்போதே அடுத்தவன் வலி கண்ணில் பட்டுவிடுகிறது. பிரார்த்தனை அபினா இல்லையா என்பதைப் பிரார்த்திக்கிறவனின் முகத்தில் தெரியும் சாந்தத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. புத்தகத்தை மூடிய பின் அவனுக்குத் தெருவில் என்ன தெரிகிறது என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். இந்தப் பரீட்சையில் கவிதை வாசகர்கள் எத்தனை பேர் தேறுவோம் என்பது வேறு கேள்வி.

6

நண்பருக்கு இப்போது பதில் சொல்லலாம்.

அந்தப் பத்தொன்பது நாட்களும் என் தகப்பனாரிடம் எல்லோரும் பொய் சொன்னார்கள். சரியாப் போயிடும் என்றார்கள் வந்த உறவினர்கள். தெம்பா இருங்க, வீட்டுக்குப் போயிடலாம் என்றேன் நான். அவர் தலையை ஆட்டுவார். அத்தனை பேச்சுக்கு நடுவில் பொய்யில்லாமல் அவரிடம் சொல்லப்பட்டது அந்தப் பதிகம் ஒன்றுதான். வலிக்கிறது, பொறுக்க முடியவில்லை, ஏன் என்று தெரியவில்லை, யாராவது எடுத்துவிடுங்கள் என்று அது சொல்லியது. பத்துப் பாட்டிலும் அதையே சொல்லியது. என் சொந்த வாயால், சொந்தச் சொல்லால் நான் சொன்னதுதான் பொய். அப்பரிடம் இரவல் வாங்கிச் சொன்னது பொய்யல்ல.

ஆனால் முழுக்கத் தப்பித்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. அந்தப் பாட்டுகள் 'நீ' என்று ஒருவனைக் கூப்பிடுகின்றன. திருவதிகை வீரட்டானத்தில் இருக்கிறவனை. என் தகப்பனாருக்கு அந்த முன்னிலையில் ஆள் இருந்தது. எனக்கு இல்லை. வலியைப் பற்றிய வரிகளை நான் மனசாரப் படித்தேன். ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் அந்த விளி வரும்போது என் குரல் எங்கே போய் நின்றது என்று எனக்கே தெரியாது. யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துக் கூப்பிட்டேன் என்று சொல்லலாம். கட்டிலில் இருந்தவரைப் பார்த்துக் கூப்பிட்டேன் என்றும் சொல்லலாம். வெய்லைப் போலக் கவிதை என்று நினைத்துக்கொண்டு ஒப்பித்தது எனக்குத் தெரியாமல் பிரார்த்தனையாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ள எனக்கு யோக்யதை இல்லை. அப்படி எதுவும் நடக்கவில்லை. நம்பிக்கை வரவில்லை. இன்றும் இல்லை.

நடந்தது இதுதான். ஐந்தாம் இரவு, தூக்கக் கலக்கத்தில் ஒரு வரியைப் புணர்ச்சி பிரிக்காமல் ஓட்டிப் படித்துவிட்டேன். ஊசியின் மயக்கத்தில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறக்காமலே, "பதம் பிரிச்சுப் படிப்பா" என்றார். முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்த அதே குரல். நான் பிரித்துப் படித்தேன். "ம்" என்றார், மேலே படிக்கச் சொல்லிக் கையை அசைத்தார். வலி அப்போதும் இருந்தது, நெற்றியில் தெரிந்தது. ஆனால் அந்த நிமிஷத்தில் அவர் நோயாளியாக இல்லை, வாத்தியாராக இருந்தார்.

அதற்குமேல் எனக்குத் தெரியாது.